வேலை சொல்லும் உறவும் தோள் கொடுக்கும் உறவும்: தங்கவயலின் சங்கங்கள் கற்றுத்தரும் பாடம்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பூமிக்கு அடியில் நடந்ததையே எழுதியிருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம், நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட சுமார் 800 டன் தங்கம், 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம் என்று அந்த வரலாறு நீளும். பூமிக்கு மேலே அந்த மக்கள் தங்களுக்குள் எதைக் கட்டிக்கொண்டார்கள் என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. பௌத்த சங்கம், இரவுப் பள்ளி, சீட்டு, தொழிற்சங்கம், இன்றைக்கு ரயில் பெட்டிக்குள் உருவாகும் நட்பு வட்டம் ஆகிய இவையும் தங்கவயலின் வரலாறுதான். தங்கம் தீர்ந்த பிறகு ஊர் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால் இவற்றைத்தான் காட்ட வேண்டும்.

எந்த ஊரிலும் இரண்டு வகைக் கூட்டுறவுகள் உண்டு. ஒருவருக்கொருவர் வேலையும் வியாபாரமும் பிடித்துக் கொடுப்பது ஒன்று. நோய், சாவு, படிப்பு, பசி என்று வரும்போது தோள் கொடுப்பது மற்றொன்று. நகரங்களில் இன்று இவை தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. வாரநாள் காலையில் ஹோட்டல் அரங்கில் வணிகர் சந்திப்பு நடக்கிறது; ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாம் நடக்கிறது. ஒன்று பிழைப்பு, மற்றது புண்ணியம் என்று பலரும் நினைக்கிறார்கள். தங்கவயலின் அனுபவம் வேறு. அங்கே இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. எங்கெல்லாம் பிரிந்தனவோ அங்கெல்லாம் இரண்டுமே இளைத்தன. இதைத்தான் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

லைன் வீடுகளில் பிறந்த சங்கம்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால் வைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான தமிழர்கள். சொந்த ஊரில் அவர்களுக்குக் காணி கிடையாது. வந்த இடத்தில் வீடும் கிடையாது. மூங்கில் தட்டியால் கட்டிய, ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடிசைகள் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அடமானம் வைக்க நிலமோ, வணிகம் தொடங்க முதலோ கையில் இல்லாத மக்களிடம் இருந்த ஒரே சொத்து, பக்கத்து வீட்டு மனிதர்.

வேலையும் அந்த வழியில்தான் வந்தது. முன்னால் வந்தவர் தன் மைத்துனரை அழைத்துவருவார். மைத்துனர் தன் ஊர்க்காரர்களை அழைத்துவருவார். மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் ஆள் பிடித்ததும் இந்த உறவு வழியாகத்தான். அதனால் ஒரு லைனில் குடியிருந்தவர்கள் பல சமயம் ஒரே ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர்களாக, ஒருவருக்கொருவர் உறவாக இருந்தார்கள். வேலைக்கு வழி சொன்னவரே நோய் கண்டபோது வாசலில் நின்றார். பாறைத் தூசி நுரையீரலை அரித்துக் கொன்ற ஊர் அது. ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்து, இறங்கியவர் ஏறாமல் போன ஊர் அது. சாவைப் பங்குபோட்டுக்கொள்ளாமல் அங்கே ஒரு குடும்பமும் தனியாகக் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

இந்த உறவுக்கு ஒரு வடிவமும் கொள்கையும் தந்தது பௌத்த இயக்கம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் மாரிக்குப்பம் கிளை 1907இல் உருவானது. சாம்பியன் ரீஃப் பகுதியிலும் சங்கம் வேர்விட்டது. எம்.ஒய். முருகேசர், ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்றோர் முன்னின்றார்கள். அதே 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் தொடங்கியது. தங்கவயலில் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். எழுதுபவர்களும் பொருளுதவி செய்தவர்களும் இருந்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்தபின், 1926இல் ‘தமிழன்’ இதழை மறுபடி உயிர்ப்பித்து 1930களின் நடுப்பகுதி வரை நடத்தியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது சித்தார்த்தா புத்தகசாலை. கடப்பாறையும் துளைக்கருவியும் பிடித்த கைகள் ஓர் இதழையும் ஒரு பதிப்பகத்தையும் தாங்கின என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே அரிய செய்தி.

இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்த ஞான. அலாய்சியஸ் 1998இல் வெளியிட்ட நூல், சங்கங்கள் செய்த அன்றாடப் பணிகளைக் கவனப்படுத்துகிறது. வாராந்தரச் சொற்பொழிவு, பள்ளி, வாசிப்பு, திருமணம், ஈமச்சடங்கு எல்லாம் அங்கே நடந்தன. புரோகிதர் இல்லாமலே ஒரு மனிதனின் வாழ்வையும் சாவையும் மரியாதையோடு நடத்திக்கொடுக்க முடியும் என்று அச்சங்கங்கள் காட்டின. இன்றைய மொழியில் இது தன்னார்வத் தொண்டு. ஆனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுத்த தொண்டு அல்ல. ஷிஃப்ட் முடித்து வந்தவர் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த தொண்டு.

மேஸ்திரியின் இரு முகங்கள்

இந்தப் படத்தைப் பொன்னாக மட்டுமே தீட்டுவது நேர்மையாகாது. வேலை சொல்லும் உறவுக்கு ஒரு நோய் உண்டு: வழி சொன்னவர் எஜமானராகிவிடுவார். மேஸ்திரி வேலை வாங்கித் தந்தார், முன்பணம் கொடுத்தார், அந்த முன்பணமே ஆளைக் கட்டிப்போட்டது. ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நெருக்கம் கூலியைக் குறைத்துக் கேட்கவும் எதிர்த்துப் பேசாமலிருக்கவும் பயன்பட்டது. இன்றும் பெங்களூருக்கு ஆள் அனுப்பும் தரகர்களில் சிலர் முதல் மாதச் சம்பளத்தில் பங்கு கேட்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய அதே பழக்கம்தான்.

அதே உறவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை 1930 காட்டியது. சுரங்க நிர்வாகம் அந்த ஆண்டு தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய முனைந்தது. குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் சுரங்கங்கள் நின்றன. மூன்று வாரம் நின்றன. பதிவுபெற்ற தொழிற்சங்கம் என்று ஒன்று அப்போது அங்கே இல்லை. மைசூர் சமஸ்தானத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயர் தமது ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நூலில் இந்தப் போராட்டத்துக்கு முக்கிய இடம் தருகிறார். தலைவரும் கட்சியும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோரை ஒரே முடிவில் நிறுத்தியது எது? லைன்களுக்குள் ஏற்கெனவே இருந்த சங்கங்களும் உறவுகளும் தவிர வேறெதையும் என்னால் காரணமாகக் காண முடியவில்லை. இரவுப் பள்ளியில் பழகிய நம்பிக்கைதான் வேலைநிறுத்தத்திலும் கைகொடுத்திருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றது அதற்குப் பின், 1940களில்.

மாதாமாதம் தேர்வு வைக்கும் சீட்டு

சுரங்கத்தைச் சார்ந்து இன்னொரு உலகம் வளர்ந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கென்று அமைந்த ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கடைவீதிகளாயின. மளிகை, துணி, நகை, இரும்பு, தையல் என்று கடைகள் வந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் கலந்து பேசும் வீதிகள் அவை. சம்பள நாளை நம்பித்தான் கடன் கணக்கு ஓடியது. கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளரின் குடும்பம் தெரிந்திருக்க வேண்டும். யார் நாணயமானவர், யார் குடித்து அழிப்பவர், யார் வீட்டில் நோய் என்று அறிந்தால்தான் கடன் கொடுக்க முடியும். வணிகமே இங்கே ஊரைத் தெரிந்துகொள்வதாக இருந்தது.

இந்தத் தெரிதலின் மிகத் தெளிவான வடிவம் ஏலச்சீட்டு. தமிழர் வாழும் எல்லா ஊரிலும் இருக்கும் சீட்டு, உழைப்பாளிகள் வாழும் ஊர்களில் வங்கிக்கே மாற்று. ஒரு சீட்டைக் கிட்ட இருந்து பார்க்கலாம். இருபது பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், இருபது மாதம். மாதத் தொகை 40,000. இந்த மாதம் மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் 8,000 ரூபாய் தள்ளி ஏலத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 32,000 வரும். சீட்டு நடத்துபவருக்கு ஐந்து விழுக்காடு, 2,000. மிச்சம் 6,000 இருபது பேருக்கும் 300 ரூபாய் வீதம் கழிவாகப் போகும். அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 1,700தான். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் நடத்துபவருக்கு ஐந்து விழுக்காடுதான் அனுமதித்தது. 2019 திருத்தம் அதை ஏழாக்கியது.

பணக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் முதல் மாதமே சீட்டு எடுத்தவர் மீதிப் பத்தொன்பது மாதம் தவறாமல் கட்டுவார் என்ற உறுதி எங்கிருந்து வருகிறது? அவர் எந்தத் தெரு, யார் வீட்டுச் சாவுக்கு வந்தார், யாருக்கு ஜாமீன் நின்றார் என்று மற்றவர்களுக்குத் தெரியும் என்பதிலிருந்து வருகிறது. பதிவில்லாத சீட்டுகளில் ஏமாந்த குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. முகம் தெரியாத ஆளிடம், அதிக லாபம் சொன்னவரிடம் கட்டியபோதுதான் பெரும்பாலும் பணம் போனது. தொண்டில் கிடைத்த நற்பெயர், கடனில் நாணயமாக மாறுகிறது. இந்த உண்மையைத் தங்கவயலின் சாதாரண மக்கள் எந்த வணிகப் பள்ளிக்கும் போகாமலே அறிந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை போனால்

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு ஏற்றது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர்வரை வேலை செய்த இடத்தில் எஞ்சியிருந்த சில ஆயிரம் பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள்.

இங்கேதான் தங்கவயலின் சங்கங்கள் தங்கள் எல்லையைச் சந்தித்தன. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைப் புரிந்துகொள்ள உதவும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: வழி சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர்தான். எப்போதாவது என்றவர்கள் பாதிக்கும் மேல். மிக அரிதாக என்றவர்கள் கால்பங்குக்கும் மேல். நெருங்கியவருக்கு நம்மீது அக்கறை அதிகம். ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். தூரத்து அறிமுகக்காரர் வேறோர் உலகத்தில் நடமாடுகிறார்; புதிய சேதி அவரிடம்தான் இருக்கும்.

தங்கவயலில் 2001இல் நேர்ந்தது இதன் மிகக் கடுமையான வடிவம். தந்தை, மாமன், பக்கத்து வீட்டுக்காரர், சீட்டுக் கூட்டாளி, சங்கச் செயலாளர் என்று வேலைக்கு வழி சொல்லக்கூடிய அத்தனை பேரும் சுரங்கத்தையே நம்பியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. சாவு வீட்டில் தோள் கொடுக்க நூறு பேர் இருந்தார்கள். எங்கே வேலை காலியிருக்கிறது என்று சொல்ல ஒருவர் இல்லை. 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஊரில் இருந்தது உண்மைதான்; ஆனால் அதனால் எல்லோரையும் தாங்க முடியாது. நெருக்கமான உறவு உயிரைக் காக்கும். பிழைப்பைத் தேடித்தர அது மட்டும் போதாது. ராபர்ட் புட்னம் தமது 2000ஆம் ஆண்டு நூலில் உள்ளே பிணைக்கும் உறவு, வெளியே பாலமாகும் உறவு என்று இரண்டையும் வேறுபடுத்துகிறார். தங்கவயலில் முதலாவது ஏராளம், இரண்டாவதுக்குப் பஞ்சம்.

அந்தப் பாலத்தை மக்கள் தாங்களே ரயிலில் கட்டினார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று சின்னச் சின்ன நிலையங்களில் விடியுமுன்பே கூட்டம் நிற்கிறது. பங்காரப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியாக பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் அவர்கள். ஆடைத் தொழிற்சாலை, மருத்துவமனை, காவல் பணி, துப்புரவு, மென்பொருள் அலுவலகம், கட்டுமானம் என்று வெவ்வேறு வேலை. தினமும் ஒரே பெட்டியில் ஏறுபவர்கள் இடம் பிடித்துக் கொடுக்கிறார்கள், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ‘எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்கண்ணா, தம்பிய வரச் சொல்லுங்க’ என்ற சேதி அந்தப் பெட்டியில்தான் கை மாறுகிறது. இவர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவு இல்லை. பெங்களூரில் நூறு இடங்களுக்குப் பிரிந்துபோய் மாலையில் நூறு சேதியோடு திரும்புகிறார்கள். கிரானோவெட்டர் சொன்ன தூரத்து அறிமுகம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காணக் கிடைக்காது.

சிகாகோவில் எழுந்த கேள்வி

இப்போது உலகெங்கும் பரவியிருக்கும் வணிகர் சந்திப்புக் குழுக்களுக்கு வருவோம். பி.என்.ஐ. அமைப்பை ஐவன் மைஸ்னர் 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாரந்தோறும் கூடுவார்கள், ஒவ்வொருவரும் தன் தொழிலைச் சுருக்கமாகச் சொல்வார், மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பார்கள், எத்தனை பரிந்துரை, எவ்வளவு வியாபாரம் என்று கணக்கு வைப்பார்கள். பெங்களூரிலும் தமிழ்நாட்டு நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் இன்று பல.

இந்த முறை பி.என்.ஐ.யைவிட எண்பது ஆண்டு பழையது என்பது பலருக்குத் தெரியாது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலே, தையல்காரர் ஹைரம் ஷோரி, சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர் ஆகிய நால்வர் கூடினார்கள். ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் முறைவைத்துக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. அங்கேயும் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வியாபாரத்தைக் கணக்கெழுத ஆளே இருந்தார்.

1906இல் டொனால்டு கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேர அழைத்தார்கள். விதிகளைக் கேட்டுவிட்டு அவர் தயங்கினார். தனக்குத்தானே ஆதாயம் தேடும் சங்கம் நெடுநாள் நிலைக்காது, ஊருக்கு ஏதாவது செய்தால்தான் இதற்கு எதிர்காலம் என்பது அவர் வாதம். ரோட்டரி அதை ஏற்றது. 1907இல் அது கையிலெடுத்த முதல் பொதுப்பணி, சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை கட்டவைத்தது. லயன்ஸ் சங்கமும் இதே வழியில்தான் பிறந்தது. மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் தன் வணிகர் வட்டத்தின் உறுப்பினர்கள், தங்கள் திறமையை ஊருக்காகவும் செலவிடக்கூடாதா என்று கேட்டதன் விளைவு, 1917இல் உருவான அந்த அமைப்பு.

சிகாகோ வணிகர்கள் பிழைப்பில் தொடங்கித் தொண்டுக்கு வந்தார்கள். மாரிக்குப்பத்துத் தொழிலாளர்கள் அதே 1907இல் தொண்டையும் பிழைப்பையும் பிரிக்காமலே தொடங்கினார்கள். உலகம் முதல் கதையை விழா எடுத்துக் கொண்டாடுகிறது. இரண்டாவதைத் தங்கவயல் பிள்ளைகளின் பாடநூல்கூடச் சொல்வதில்லை.

யாரை உள்ளே விடுகிறோம்

இத்தகைய குழுக்களின் உண்மையான சோதனை வாசலில் இருக்கிறது. ரோட்டரி உலக அளவில் பெண்களைச் சேர்க்க 1989 வரை காத்திருந்தது; அதற்கும் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் தொடர்பான வழக்கில் 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. நம் நாட்டில் வாசலில் நிற்பது சாதி. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004இல் எழுதிய கட்டுரை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. சமூக உறவால் முதல் எளிதாகக் கிடைத்த உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகள் அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள்; ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களின் உற்பத்தி அவர்களைவிட வேகமாக வளர்ந்தது. உறவு வட்டத்துக்குள்ளேயே பணம் சுற்றும்போது, திறமை இருந்தும் வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை. நிலத்திலிருந்து வந்த முதல் திருப்பூரை எழுப்பியது. நிலமே இல்லாத மக்கள் எழுப்பிய தங்கவயலுக்கு அந்த வழி மூடியே இருந்தது. அதனால்தான் அங்கே எழ வேண்டிய வணிகர் குழு வேறு வகையாக இருக்க வேண்டும்.

எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தங்கவயலின் வரலாறே சில விதிகளைத் தருகிறது.

முதலாவது, நேரம். வாரநாள் காலை ஏழு மணிக் கூட்டம் தங்கவயலுக்கு ஒத்துவராது. அந்த நேரத்தில் ஊரின் உழைக்கும் பாதி ரயிலில் இருக்கிறது. ஞாயிறு மாலையில், கட்டணம் இல்லாத பொது இடத்தில் கூட வேண்டும்.

இரண்டாவது, உறுப்பினர். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டின் கடைக்காரர்கள் மட்டும் கூடினால் ஒரே சேதியைத்தான் சுற்றிச்சுற்றிச் சொல்லிக்கொள்வார்கள். சொந்தக் கடை இல்லாவிட்டாலும் தினமும் பெங்களூர் போய்வரும் ஊழியர்கள் உறுப்பினராக வேண்டும். வெளியுலகத்தின் தேவை அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பெரிய நிறுவனத்தின் உணவகத்துக்கு ஊறுகாய் வேண்டும் என்று அங்கே பாத்திரம் கழுவும் அக்கா வந்து சொன்னால், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மகளிர் குழுவுக்கு வேலை கிடைக்கும். கூட்டத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ‘ஒரு தொழிலுக்கு ஒருவர்’ என்ற விதியும் இங்கே வேண்டாம். நான்கு தையல்காரர் இருந்தால் நால்வருமாகச் சேர்ந்து ஒரு பெரிய ஆர்டரை எடுக்கலாம்.

மூன்றாவது, தரகு. வேலை வாங்கித் தந்ததற்காக யாரும் யாரிடமும் பணம் வாங்கக்கூடாது. மேஸ்திரி முறை விட்டுச்சென்ற காயம் இது. இதில் தளர்வு கூடாது.

நான்காவது, கணக்கு. சிகாகோவில் எழுதிய கணக்கில் ஒரு பத்திதான் இருந்தது. இங்கே இரண்டு வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு வேலை கொடுத்தார் என்பது ஒன்று. யார் எந்த நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார், எந்தப் பிள்ளைக்குப் பாடம் சொன்னார், எந்த முதியவரின் ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார் என்பது மற்றொன்று. இரண்டையும் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கன்னடமும் வீட்டில் தமிழும் புழங்கும் ஊரில், ஒரு மனு எழுதிக் கொடுப்பதே பெரிய தொண்டு. இரண்டாம் பத்தியில் பெயர் இல்லாதவருக்கு முதல் பத்தியில் நம்பிக்கை குறையும். சீட்டு கற்றுத்தந்த பாடம் இதுதான்.

இது வெறும் கனவு என்று ஒதுக்குபவர்கள் 1907ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று மாரிக்குப்பத்தில் சங்கம் கட்டியவர்களுக்கு வீடு சொந்தமில்லை, வேலை நிரந்தரமில்லை, கோயிலில் நுழைய உரிமையில்லை. அவர்கள் பள்ளி நடத்தினார்கள், இதழுக்குப் பணம் கொடுத்தார்கள், நூல்களைப் பதிப்பித்தார்கள். இன்றைய தங்கவயலில் பட்டதாரிகளும் கடைகளும் கைத்தொழில் தெரிந்தவர்களும் உண்டு. தினமும் ஒரு பெருநகரத்துக்குள் போய்வரும் ஆயிரக்கணக்கான கண்களும் காதுகளும் உண்டு. சுரங்கம் திறக்கும் என்று காத்திருந்தே கால் நூற்றாண்டு போய்விட்டது. அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதை உரிமையோடு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அப்படிக் கேட்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டும். அதன் முதல் கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர்கள் ஊரில் தங்கியிருக்கும் வணிகர்கள். முதலில் அழைக்க வேண்டியது, விடியுமுன்பே ரயிலேறும் தங்கள் வாடிக்கையாளர்களை.